பத்து வருஷக் கடை கம்ப்யூட்டர்: விண்டோஸ் 11-க்கு மாறலாமா, இப்படியே ஓட்டலாமா?

பாதிரிப்பூ, கடலூர்

வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் டி.டி.பி., ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பதினெட்டு வருஷமாக நான்தான் டைப் அடிக்கிறேன், நான்தான் பிரிண்ட் எடுக்கிறேன். அதற்கு முன்னால் இதே இடத்தில் என் வீட்டுக்காரர் ஈய எழுத்துக் கோத்து டிரெடில் மெஷினில் நோட்டீஸ் அடித்தார். ஈயத்தை எடைக்குப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கிய குடும்பம் இது. மாறுவதற்குப் பயப்படுகிற ஆள் இல்லை நான். ஆனாலும் இந்தத் தடவை என்ன செய்வதென்று பிடிபடவில்லை.

கடையில் ஒரே கம்ப்யூட்டர்தான். 2016-இல் அசெம்பிள் பண்ணினது. இன்டெல் ஐ3, ஆறாவது ஜெனரேஷன், 4 ஜி.பி. ராம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையில் அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது.

கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, கருமாதிப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பள்ளிக்கூடக் கேள்வித்தாள் எல்லாம் பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர் 7 சாஃப்ட்வேரில், பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் செய்கிறேன். 2007-இலிருந்து செய்த ஃபைல் அத்தனையும் அப்படியே இருக்கிறது. அக்காவுக்குப் பத்திரிகை அடித்த வீட்டில் தங்கைக்கும் என்னிடமே வருகிறார்கள். பழைய ஃபைலைத் திறந்து மாப்பிள்ளை வீட்டு விவரத்தையும் தேதியையும் மாற்றினால் போதும். குலதெய்வம், தாத்தா பாட்டி பெயர், தாய்மாமன் வரிசை எல்லாம் பிழையில்லாமல் ஏற்கெனவே இருக்கும். என் கடையின் முதல் என்றால் அந்த ஃபைல்கள்தான்.

என் பொண்ணு லேப்டாப்பில் விண்டோஸ் 11 இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் உட்கார்ந்து பார்த்தேன். ஸ்டார்ட் பட்டன் நடுவில் இருக்கிறது. ரைட் கிளிக் பண்ணினால் பழைய பட்டியல் வரவில்லை, பாதிதான் வருகிறது. பார்க்க அழகாக இருக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாசலில் நாலு பேர் நிற்கும்போது என் கை தானாகப் போகிற இடத்தில் எதுவும் இல்லை.

கம்ப்யூட்டர் விற்பவர் ஒருவர் புது செட் 38,000 என்கிறார். சர்வீஸ் பண்ணுகிற தம்பி ஒருவர் இதே மெஷினில் 800 ரூபாய்க்கு 11 போட்டுத் தருகிறேன் என்கிறார். இது 11 ஏறாத மெஷின் ஆயிற்றே என்று கேட்டால் 'அதுக்கு வழி இருக்குக்கா' என்கிறார். பக்கத்துத் தெருக் கடையில் போன மாசம் இப்படி ஒருவர் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போன பிறகு பார்த்தால், டெஸ்க்டாப்பில் வைத்திருந்த எட்டு வருஷ வேலை காணோம். அந்த அம்மா அழுததை நேரில் பார்த்தேன். அதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

இது கார்த்திகை. மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஆனால் தை முகூர்த்தத்துப் பத்திரிகை எல்லாம் மார்கழியில்தான் என் மேஜைக்கு வரும். அதற்குள் முடிவெடுக்க வேண்டும். புது விண்டோஸ் இந்தச் செலவுக்கும் சிரமத்துக்கும் தகுமா?

கணக்குப்பிள்ளை, மஞ்சக்குப்பம்

அக்கா, தோற்றத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். எங்கள் ஆபீஸில் இரண்டு வருஷமாக 11-தான். பத்து நாள் தடுமாற்றம், அவ்வளவே.

ஸ்டார்ட் பட்டனை இடது மூலைக்கே கொண்டுபோகலாம். டாஸ்க்பாரில் ரைட் கிளிக், டாஸ்க்பார் செட்டிங்ஸ், அதில் பிஹேவியர்ஸ், அலைன்மென்ட்டை லெஃப்ட் என்று வையுங்கள். பழைய ரைட் கிளிக் பட்டியல் வேண்டுமென்றால் ஃபைலைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்துங்கள், முழுதாக வந்துவிடும். டாஸ்க்பாரைத் திரையின் பக்கவாட்டில் வைக்க மட்டும் எங்கள் ஆபீஸ் 11-இல் முடியவில்லை.

உங்கள் வேலைக்கு ஒன்று நிச்சயம் பிடிக்கும். விண்டோஸ் பட்டனோடு இசட் அழுத்தினால் திரையை எப்படிப் பிரிக்கலாம் என்று கட்டங்கள் காட்டும். கையெழுத்துப் பிரதியை இப்போது எல்லோரும் வாட்ஸ்அப்பில்தானே போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள்? அதை ஒரு பாதியில் வைத்துக்கொண்டு மறுபாதியில் அடிக்கலாம். 10-இலும் ஓரளவு செய்யலாம், இதில் சுலபம்.

2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது ஸ்டார்ட் பட்டனையே எடுத்துவிட்டார்கள், மறு வருஷமே 8.1-இல் திருப்பி வைத்தார்கள். அந்த அளவுக்கு இதில் குழப்பம் இல்லை. பழைய மெஷினைப் பற்றி வேறு யாராவது சொல்லட்டும்.

உப்புக்காத்து, புதுச்சேரி

அக்கா, லாஸ்பேட்டையில் பதினேழு வருஷமாக சர்வீஸ் செய்கிறேன். உங்கள் மாதிரிக் கடைகள் முப்பது, நாற்பது என் கையில் இருக்கின்றன. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் அந்த 800 ரூபாய் வேலை வேண்டாம். விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாவது ஜெனரேஷனும் அதற்கு மேலும்தான் பட்டியலில் உண்டு. டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சிப்பும், கம்ப்யூட்டர் எழும்போதே சோதித்துப் பார்க்கிற 'செக்யூர் பூட்' வசதியும் வேண்டும். உங்களுடையது ஆறாவது ஜெனரேஷன். சோதனையைத் தாண்டிப் போட வழி இருப்பது உண்மைதான். ஆனால் அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. அப்டேட்டுக்காகத்தானே மாறப்போகிறீர்கள்? அதுவே நிச்சயமில்லை என்றால் எதற்குப் போட வேண்டும்? அதோடு 4 ஜி.பி. ராமும் பழைய ஹார்ட் டிஸ்க்குமாக 11-ஐ ஓட்டினால், வாசலில் நிற்கிற நாலு பேர் எட்டுப் பேர் ஆகிவிடுவார்கள்.

அப்டேட் இல்லாமல் இப்படியே ஓட்டலாமா என்றால், வீட்டில் பாட்டுக் கேட்கிற கம்ப்யூட்டராக இருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். உங்களுடையது ஜெராக்ஸ் கடை. ஒரு நாளைக்கு எத்தனை பேர் பென் டிரைவைச் செருகுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிப்போகிற வைரஸ் உங்கள் கடைக்கு வராமல் இருந்திருக்காது. 2017 மே மாசம் வானாக்ரை வந்து உலகம் பூராவும் ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாசம் முன்னாலேயே, மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாத மெஷின்கள்தான் மாட்டின.

அதனால் இப்போதைக்கு ஒரு நடுவழி சொல்கிறேன். விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துத் தருகிறார்கள். செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தில் 'என்ரோல் நவ்' என்று இருக்கும். உங்கள் விண்டோஸ் 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று வேண்டும். செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு சிங்க் பண்ணிவைத்தால் காசு இல்லை, இல்லையென்றால் 30 டாலர். தை, மாசி, வைகாசி முகூர்த்தம் எல்லாம் இதை வைத்தே தாண்டிவிடலாம். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. என்கிற டிஸ்க்கைப் போடுங்கள். பழையதை அப்படியே அதில் க்ளோன் பண்ணிவிட்டு, பழைய டிஸ்க்கைத் தொடாமல் டப்பாவில் போட்டுப் பூட்டிவையுங்கள். உங்கள் ஃபைலுக்கு அது ஒரு நகல் ஆயிற்று. இன்னொரு நகல் கடைக்கு வெளியே, பொண்ணு வீட்டிலோ எங்கோ இருக்கட்டும். கடலூர்க்காரருக்கு வெள்ளத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

கம்ப்யூட்டரைத் திறக்கும்போது ராமையும் கழற்றி, அதன் பொன்னிறக் கோடுகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்க்கச் சொல்லுங்கள். கடற்கரை ஊரில் உப்புக் காற்றுப் பட்டு அங்கே மங்கலாகப் படிந்திருக்கும். 'கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை' என்று எனக்கு வருவதில் பாதி அந்த ரப்பரிலேயே சரியாகிவிடும்.

அப்புறம் 11-க்கு மாறலாமா? மாறலாம், மாறவும் வேண்டும். ஆனால் புது மெஷினில், சீசன் இல்லாத நேரத்தில். 38,000-தான் ஆகவேண்டும் என்றும் இல்லை. ஆபீஸ்களில் ஓடிய எட்டாவது, ஒன்பதாவது ஜெனரேஷன் டெஸ்க்டாப்புகள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நல்ல நிலையிலேயே கிடைக்கும். 8 ஜி.பி. ராமும் எஸ்.எஸ்.டி.யும் இருந்தால் உங்கள் வேலைக்குத் தாராளம்.

மாறும்போது ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு இருங்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் இங்கே கரையேறியது. ரெயின்போ நகரில் ஒரு ரிட்டயர்டு டீச்சர் வீட்டில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர். லேப்டாப் போர்டு போய்விட்டது, ஆனால் உள்ளே இருந்த எஸ்.எஸ்.டி. நன்றாக இருந்தது. வேறு மெஷினில் மாட்டினேன். 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டது. இப்போதெல்லாம் விண்டோஸ் 11 மெஷின்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே போனால் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்வது உண்டு. அதற்கான சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். டீச்சருக்குக் கணக்கு என்றால் என்னவென்றே தெரியவில்லை. விற்ற கடையில் யாரோ ஒரு பையன் தன் போன் நம்பரைப் போட்டு அவசரத்துக்குத் திறந்த கணக்கு அது. அவன் வேலையை விட்டுப் போய்விட்டான். தேடிப் பிடிக்க ஒன்பது நாள் ஆனது. அவன் போனில் ஆறு ஆறு எண்ணாக எட்டுத் தடவை வாசிக்க வாசிக்க நான் அடித்தேன். திறந்ததும் டீச்சர் முதலில் தேடியது அவர் வீட்டுக்காரரின் சஷ்டியப்தபூர்த்தி போட்டோக்களை.

கணக்கு உங்கள் பெயரில், உங்கள் நம்பரில் இருக்க வேண்டும். அந்த 48 எண்ணையும் காகிதத்தில் எழுதிவையுங்கள்.

ஒரு கேள்வி. உங்கள் விண்டோஸ் 10, 32 பிட்டா 64 பிட்டா? செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட்டில் பார்த்துச் சொல்லுங்கள். டி.டி.பி. கடைகளில் இதுதான் காலை வாரும்.

பாதிரிப்பூ, கடலூர்

தம்பி, ரொம்ப நன்றி. டீச்சர் கதையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை.

பார்த்தேன், 32 பிட் என்று இருக்கிறது. இப்போதுதான் ஞாபகம் வருகிறது. தலைப்பு எழுத்துகளுக்காக ஒரு பழைய தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் வைத்திருக்கிறேன், யு.எஸ்.பி. டாங்கிள் செருகினால்தான் திறக்கும். 64-இல் அது வேலை செய்யாது என்று சொல்லி அப்போதே 32 போட்டார்கள். 'திருமண அழைப்பிதழ்', 'ஸ்ரீ பாடலீஸ்வரர் துணை' என்று வளைத்து வளைத்து எழுதுகிற எழுத்தெல்லாம் அதில்தான். அது போனால் என் பத்திரிகைக்கு முகமே இல்லை.

உப்புக்காத்து, புதுச்சேரி

நினைத்தேன் அக்கா. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட் புரோகிராம் 64-இல் ஓடும், ஆனால் டாங்கிளுக்கான 32 பிட் டிரைவர் 64-இல் ஏறவே ஏறாது. எந்த மெஷின் வாங்கினாலும் அந்த சாஃப்ட்வேர் இத்தோடு முடிந்தது.

ஆனால் பயப்படாதீர்கள். பாமினிக்கு எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம். எழுத்துருவை இன்ஸ்டால் பண்ணினால் போதும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தைப் பொருத்தி வைத்ததுதான் பாமினி. எழுத்துரு இல்லாத மெஷினில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று தெரியுமே, அதுதான் காரணம். டைப்ரைட்டிங் படித்த கைக்கு விசை இடமும் பெரும்பாலும் பழக்கமானதே. ஆக உங்கள் ஃபைல்களில் பெரும்பகுதி தப்பித்தது. பேஜ்மேக்கர் 7 என் வாடிக்கையாளர் இரண்டு பேரிடம் 11-இல் ஓடிக்கொண்டிருக்கிறது. 2001-இல் வந்த சாஃப்ட்வேர் அது, எத்தனை நாளைக்கு என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. பொண்ணு லேப்டாப்பில் முதலில் போட்டுப் பாருங்கள்.

தலைப்புகளை இப்போதே காப்பாற்றிவிடலாம். நீங்கள் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது நாற்பது, ஐம்பது தலைப்பு இருக்குமா? டாங்கிள் உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொன்றையும் படம் வரைகிற கோரல்டிரா சாஃப்ட்வேரில் கர்வ்ஸ், அதாவது வெறும் கோட்டு வடிவம் ஆக்கிச் சேமித்துவிடுங்கள். அப்புறம் அது வெறும் படம், எழுத்துருவும் வேண்டாம், டாங்கிளும் வேண்டாம்.

பழைய ஃபைல்களை யூனிகோடுக்கு, அதாவது எந்த மெஷினிலும் தமிழ் தமிழாகவே தெரிகிற பொது முறைக்கு மாற்றலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பேஜ்மேக்கருக்கு யூனிகோடுத் தமிழ் ஒத்துவராது. அதற்கு இன்டிசைன் சி.எஸ்.6-உம் அதற்கு மேலும், அல்லது லிப்ரேஆபீஸ் மாதிரி ஒன்றுக்குப் போக வேண்டும். மொத்தமாக மாற்றாதீர்கள், வேலை வர வர ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மாற்றினதைக் கண்ணால் படிக்காமல் அச்சுக்கு விடவே கூடாது. பாமினியிலிருந்து மாற்றுகிற கருவிக்கு எது தமிழ், எது இங்கிலீஷ் என்று தெரியாது. பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் இங்கிலீஷில் இருக்கிற பி.இ., மாற்றின பிறகு 'டீ.நு.' என்று வந்து நிற்கும். முதலியார்பேட்டையில் ஒரு கடையில் ஐந்நூறு பத்திரிகை அப்படியே அச்சாகிவிட்டது.

கரும்புக்காடு, நெல்லிக்குப்பம்

நான் அரசுப் பள்ளி ஆசிரியர். என் பழைய ஐ3 மெஷினில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டு மூன்று வருஷமாகிறது. 4 ஜி.பி. ராமிலேயே நன்றாக ஓடுகிறது, காசு இல்லை, அப்டேட் ஒழுங்காக வருகிறது. தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கிறது. கேள்வித்தாள் முழுதும் லிப்ரேஆபீஸில் யூனிகோடிலேயே அடிக்கிறேன்.

ஆனாலும் அக்காவின் கடை மெஷினுக்கு இதைச் சொல்ல மாட்டேன். பேஜ்மேக்கர் அங்கே முறையாக இல்லை. பழைய லேசர் பிரிண்டர் சிலவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் கிடைப்பதும் சிரமம். புது மெஷின் வந்த பிறகு, பழையதில் நெட்டை அடியோடு துண்டித்து, பென் டிரைவும் செருகாமல், பழைய ஃபைலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டாங்கிளும் அங்கேயே இருக்கட்டும்.

பாதிரிப்பூ, கடலூர்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். கேட்டவர்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும் இல்லையா?

என் பெயரில் கணக்குத் திறந்து, அப்டேட் நீட்டிப்பில் சேர்ந்துவிட்டேன். சிங்க் பண்ணியதால் காசு கேட்கவில்லை. எஸ்.எஸ்.டி. போட்டாயிற்று. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு வாசல் தெளித்துக் கோலம் போட்டு வந்தால்தான் முன்பெல்லாம் கம்ப்யூட்டர் எழுந்திருக்கும். இப்போது தண்ணீர் வாளியை எடுப்பதற்குள் தயாராக இருக்கிறது. ராமையும் ரப்பரால் தேய்த்தார்கள், ரப்பர் கறுத்துப்போயிற்று. பழைய ஹார்ட் டிஸ்க் டப்பாவில் போய்விட்டது, இன்னொரு நகல் பொண்ணு வீட்டில், செம்மண்டலத்தில்.

தலைப்பு 63 இருந்தது. ராத்திரி கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து நாலு நாளில் கர்வ்ஸ் ஆக்கி முடித்தேன். அதில் ஒன்று, என் வீட்டுக்காரர் ஈய எழுத்தில் கோத்த பழைய நோட்டீஸ் தலைப்பைப் பார்த்து நான் முதல் வருஷம் அமைத்தது. அதை இரண்டு தடவை சேமித்தேன்.

பொண்ணு லேப்டாப்பில் பேஜ்மேக்கர் போட்டுப் பார்த்தோம். எழுத்துருவை ஏற்றிவிட்டு 2009-இல் அடித்த ஒரு பத்திரிகையைத் திறந்தேன். புள்ளிகூட நகரவில்லை. ஸ்டார்ட் பட்டனை மூலைக்கு நகர்த்தியதும் கையும் ஓரளவு பழகிவிட்டது. ரைட் கிளிக்தான் இன்னும் சிரமமாக இருக்கிறது, ஷிஃப்ட் எஃப்10-ஐ ஒரு துண்டுத் தாளில் எழுதித் திரை ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். அந்த லேப்டாப்பின் 48 எண்ணையும் எடுத்து அவள் வீட்டு ரேஷன் கார்டு உறையில் வைத்துவிட்டோம். அவளுக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

புது மெஷின் ஆடி முதல் வாரம் வாங்குவதாக இருக்கிறேன். ஆவணி முகூர்த்த வேலை வருவதற்குள் பதினைந்து நாள் கிடைக்கும். தம்பி, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நீங்கள் எப்போதாவது போகும்போது சொல்லுங்கள், கூட வருகிறேன். இப்போது மூன்று பத்திரிகை காத்திருக்கிறது, அதில் ஒன்று அந்த 2009 வீட்டுத் தங்கைக்கு.